முதல் எருமை வாங்கப் போகிறவர்களுக்கு

பால் எருமை வளர்க்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி "முர்ரா எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்பதுதான். முர்ரா என்பது அரியானாவின் பால் எருமை இனம். அந்தக் கேள்வியை நாலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், அடுத்து தீவனம், அப்புறம் பாலை யார் வாங்கப் போகிறார்கள் என்பது, கடைசியில் இனம். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டு, அரியானாவிலிருந்து பெரும்பணம் கொடுத்து இறக்கிய மாட்டை அடுத்த கோடையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேட்டால் "மாடு சரியில்லைங்க" என்பார்கள். மாடு சரியாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டுச் சமவெளியில், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, இரண்டில் தொடங்கி ஐந்தாறு எருமை வரை போக நினைக்கிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐம்பது மாட்டுப் பண்ணைக்குக் கணக்கே வேறு.

தண்ணீரும் நிழலும்

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவுக்கு இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். தோலோ கறுப்பு, வெயிலை அப்படியே இழுத்துக்கொள்ளும். சூட்டை வெளியேற்ற அதற்குத் தெரிந்த வழி தண்ணீரில் கிடப்பதும் சேற்றைப் பூசிக்கொள்வதும்தான். அதைச் சோம்பல் என்று நாம்தான் பெயர் வைத்துவிட்டோம். குளம், குட்டை, வாய்க்கால் எதுவும் இல்லை என்றால் எருமை வளர்க்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் மார்ச் முதல் ஜூலை வரை பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆளோ குழாயோ நின்று உடம்பு முழுக்க நனைக்க வேண்டும். குடிக்க மட்டும் ஒரு கறவை எருமைக்கு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும், கோடையில் இன்னும் கூடும். கொட்டகை கழுவ, குளிப்பாட்ட என்று சேர்த்தால் உங்கள் போர் ஏப்ரல் மாதம் எவ்வளவு தருகிறது என்பதை வைத்துத்தான் எத்தனை எருமை என்று முடிவு செய்ய முடியும். டிசம்பரில் பார்த்த தண்ணீரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கொட்டகையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எருமைக்குக் கூரைக்குக் கீழே 4 சதுர மீட்டர், திறந்தவெளியில் அதைப்போல் இரண்டு மடங்கு, தரை வழுக்காமல் சொரசொரப்பாக, மூத்திரம் ஓடிப்போகச் சரிவாக இருந்தால் போதும். நல்ல மரநிழல் இருந்தால் ஷீட் போட்ட கொட்டகையைவிட அதுவே மேல். ஓட்டுக்கோ ஷீட்டுக்கோ காசு போடுவதைவிட இரண்டு புங்கமோ வேம்போ வைத்து வளர்ப்பது மலிவு, நாள்தான் ஆகும்.

குட்டை இருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கறந்து முடித்த உடனே எருமையைச் சேற்றுக்கு விடக்கூடாது. கறந்த பிறகு காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் போய்ப் படுத்தால் சேற்றுக் கிருமி நேராக மடிக்குள் ஏறி மடிநோயில் கொண்டுபோய் விடும். கறந்ததும் முன்னால் தீவனத்தைப் போடுங்கள், தின்று முடிக்கிற வரை நின்றுகொண்டுதான் இருக்கும். குட்டையில் நத்தை நிறைய இருந்தால் கல்லீரல் புழு வரும் என்று எதிர்பாருங்கள், மருத்துவரிடம் சொல்லிக் குடற்புழு மருந்தை அதற்கேற்றதாக வாங்குங்கள்.

தீவனம்: மாடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே

500 கிலோ எருமை தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை உலர்ந்த பொருளாகத் தின்னும். நடைமுறையில் இதை 25 கிலோ பசுந்தீவனம், 5 அல்லது 6 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டு, அப்புறம் அடர்தீவனம் என்று பிரித்துக்கொள்ளலாம். அடர்தீவனத்துக்குக் கணக்கு எளிது: உடம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு இரண்டு லிட்டருக்கும் ஒரு கிலோ. எட்டு லிட்டர் கறக்கிற எருமைக்கு ஆறு கிலோ வரும். பசுந்தீவனம் நன்றாக இருந்தால் இதில் கொஞ்சம் குறைக்கலாம்.

கோ 4 அல்லது கோ 5 கம்பு நேப்பியர் கரணை நட்டால் முதல் அறுப்புக்கு 75 நாள் போல ஆகும். அதனால்தான் மூன்று மாதம் முன்பே என்றேன். ஒரு எருமைக்குப் பாசன வசதியோடு 10 முதல் 15 சென்ட் ஒதுக்குங்கள். புல் மட்டும் போட்டால் போதாது, மூன்றில் ஒரு பங்காவது வேலிமசால், அகத்தி, சூபாபுல் என்று பயறுவகைத் தழை சேர வேண்டும். வரப்பு முழுக்க அகத்தி வைத்துவிட்டால் தனியாக இடமே வேண்டாம்.

நெல் வைக்கோலை நம்பி வளர்க்கிறவர்கள் தாது உப்பை விடவே கூடாது. நெல் வைக்கோலில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மாட்டுக்குச் சேராது. நாளைக்கு 50 கிராம் தாது உப்பு, கூடவே கொஞ்சம் கல்லுப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தானுவாஸ் என்ற பெயரில் விற்கிற கலவை நன்றாகவே இருக்கிறது. அப்புறம், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலை "எருமைதானே, தின்னும்" என்று போடுகிற பழக்கம் ஒன்று உண்டு. தின்னத்தான் செய்யும். வால் நுனியும் காது மடலும் கால் குளம்புப் பக்கமும் அழுகி விழுகிற நோய் அந்த வைக்கோலில்தான் வருகிறது, அதுவும் பசுவைவிட எருமைக்கே அதிகம்.

சரி, இப்போது இனம்

இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட எருமை இனங்கள் சுமார் 20 இருக்கின்றன. பதிவு செய்கிற வேலையைக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வளப் பணியகம் பார்க்கிறது. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனால் தரகர் ஒரு பெயர் சொல்லும்போது அது நிஜமா என்று பார்க்கிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முர்ராவின் ஊர் அரியானாவின் ரோத்தக், ஜிந்த், ஹிசார் வட்டாரம். கன்னங்கரேல் நிறம், சின்னத் தலை, இறுக்கமாகச் சுருண்ட கொம்பு, பின்பக்கம் அகன்று முன்பக்கம் குறுகிய உடம்பு, வால் நுனியில் மட்டும் சிலதுக்கு வெள்ளை. கொம்பு விரிந்து பின்னால் போயிருந்தால் அதில் வேறு ரத்தம் இருக்கிறது என்று அர்த்தம். இனத்தின் சராசரிக் கறவை ஒரு ஈற்றுக்கு 1,700 முதல் 2,000 கிலோ அளவில்தான். அதைப் பத்து மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், நாளைக்கு ஆறு ஆறரை கிலோ வரும். வீடியோவில் காட்டுகிற 20 லிட்டர் பொய் இல்லை, அது தேர்ந்தெடுத்த மாட்டின் உச்சக் கறவை, கன்று ஈன்று ஆறு எட்டு வாரத்தில் சில நாள் நிற்பது. அந்த எண்ணை 300 நாளால் பெருக்கிக் கடன் வாங்கியவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு.

பஞ்சாபின் நீலி-ராவியை அடையாளம் காண்பது எளிது. நெற்றி, மூஞ்சி, நாலு கால், வால் நுனி எல்லாம் வெள்ளை, கண்ணும் வெள்ளையோடியிருக்கும். கறவையில் முர்ராவுக்கு இணை. குஜராத்தில் மட்டும் நாலு இனம். கீர் காட்டுப் பக்கத்து ஜாஃப்ராபாதி மிகக் கனமான உடம்பு, நெற்றி புடைத்து, கொம்பு கழுத்தின் இரண்டு பக்கமும் தொங்கும். அதன் பாலைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அதன் தீனியையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். சூரத்தி நடுத்தர உடம்பு, அரிவாள் கொம்பு, கழுத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பட்டை, தீனி குறைவு, கொழுப்பு நன்றாக இருக்கும். மெக்சானி முர்ராவுக்கும் சூரத்திக்கும் நடுவில் நிற்கிற இனம். நாலாவது பன்னி, கட்ச் பகுதியில் மால்தாரி மேய்ப்பர்கள் வளர்ப்பது. பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் மேயப்போய் விடியற்காலை தானாக வீட்டுக்கு வந்து கறக்க நிற்கும். எத்தனையோ தலைமுறையாக இருந்த இந்த எருமைக்கு 2010இல்தான் தனி இனம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

மகாராஷ்டிராவின் பண்டர்புரிக்குக் கொம்பு வாள் நீளத்துக்குப் பின்னால் போகும், கோலாப்பூரில் வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பார்கள். ஆக்ரா, எட்டாவா பக்கத்துப் பதாவரி செம்பு நிறம். அளவு குறைவுதான், ஆனால் கொழுப்பு சராசரியாகவே 8 சதவீதம் போல இருக்கும், சிலதில் 12, 13 வரை போகும், நெய்க்காரர்களின் மாடு. ஒடிசாவின் சிலிகா எருமை உப்புக்கலந்த ஏரித் தண்ணீரில் இறங்கி மேயும். இவற்றை நீங்கள் வாங்கப் போவதில்லை. ஆனால் "எருமை" என்கிற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேறுபட்ட மாடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படி அதனதன் ஊருக்கு ஏற்ப அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் "எது பெஸ்ட்?" என்று கேட்கமாட்டீர்கள்.

நம் ஊருக்கு வருவோம். நீலகிரியில் தோடர்கள் வளர்க்கும் தோடா எருமை, ஈரோடு அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலையில் மேயும் பர்கூர் எருமை இரண்டும் நம்முடைய பதிவு பெற்ற இனங்கள். இரண்டும் மலையில் மேய்ந்து வாழ்கிற மாடு, கட்டிப்போட்டு அடர்தீவனம் வைத்துப் பால் எண்ணுவதற்கானவை இல்லை. சமவெளியில் நாம் பார்க்கிற "நாட்டெருமை" பெரும்பாலும் எந்த இனத்திலும் சேராத உள்ளூர் மாடும் அதில் பல வருஷமாக முர்ரா சினை ஊசி போட்டுப் போட்டு உருவான தரம் உயர்த்திய மாடும்தான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை இந்தக் கடைசி வகை. உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ பிறந்து வளர்ந்த, முக்கால் பங்கு முர்ரா ரத்தம் ஏறிய, நாளைக்கு ஆறு ஏழு லிட்டர் கறக்கிற எருமை. அரியானா எருமை பெர்சீம் தழையும் கோதுமை வைக்கோலும் கடுகுப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தின்று, டிசம்பர் ஜனவரிக் குளிரில் உடம்பைத் தேற்றிக்கொண்டு வளர்ந்தது. அதை 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் நிற்க வைத்துக் கொண்டுவந்து நெல் வைக்கோல் போட்டால் பால் பாதியாகும், அடுத்த பருவம் தள்ளிப்போகும், சில சமயம் வழியிலேயே தொண்டை அடைப்பான் வந்து செத்தும் போகும். தரமான முர்ரா ரத்தம் வேண்டுமென்றால் அதை லாரியில் கொண்டுவரத் தேவையே இல்லை, கால் மில்லி உறைவிந்துக் குச்சியில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே இருக்கிறது.

வாங்கும்போது

இரண்டாம் ஈற்று அல்லது மூன்றாம் ஈற்று, கன்று ஈன்று இரண்டு மூன்று வாரத்துக்குள் இருக்கிற எருமையைத் தேடுங்கள். தலையீற்று மாட்டின் குணம் இன்னும் தெரிந்திருக்காது, ஐந்து ஆறு தாண்டியதை விற்கிறவருக்கு அதற்கொரு காரணம் இருக்கும். வயதுக்குக் கொம்பு வளையத்தை நம்பாதீர்கள், கீழ்த்தாடைப் பல்லைப் பாருங்கள். மூன்று வயதுவாக்கில் முதல் ஜோடி முளைத்து, எட்டுப் பல்லும் முடிய ஐந்தரை ஆறு வயது ஆகும்.

கறவை பார்ப்பதில்தான் ஏமாற்று அதிகம். சந்தைக்கு ஓட்டிவருகிற மாட்டை ஒரு வேளை கறக்காமல் மடி கட்டி நிறுத்தியிருப்பார்கள், நம் கண்முன் கறந்து காட்டும்போது இரண்டு வேளைப் பால் ஒரே வாளியில் விழும். அதனால் சந்தையை விட வீட்டில் போய் வாங்குவதே நல்லது. சாயந்திரம் போய்விடுங்கள். முதல் கறவையை முழுக்கக் கறக்கச் சொல்லிப் பாருங்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கடுத்த மூன்று வேளையையும் நின்று அளந்து, காலை மாலைக் கறவையைக் கூட்டி அதைத்தான் ஒரு நாள் பாலாக எடுக்க வேண்டும். விற்கிறவர் சங்கடப்பட்டால் படட்டும்.

கறக்கிற ஆள் மாட்டுக்குப் பக்கத்தில் போவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஆக்சிடோசின் ஊசிக்குப் பழகிய எருமை அது இல்லாமல் சுரப்பு விடாது. கன்றை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். தன் கன்று என்றால் எருமை திரும்பி மோந்து பார்த்து நக்கும், கன்று முட்டி முட்டி ஊட்ட, ஒன்றிரண்டு நிமிடத்தில் காம்பு பருத்து வரும். இரவல் கன்று என்றால் உதைக்கும் அல்லது கண்டுகொள்ளாமல் நிற்கும். நாலு மாதக் கறவையை "போன வாரம் ஈன்றது" என்று விற்க இந்த இரவல் கன்று உதவும். கன்றின் தொப்புளைப் பாருங்கள், ஒரு வாரக் கன்றுக்குத் தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டோ அப்போதுதான் விழுந்தோ இருக்கும்.

நாலு காம்பிலும் முதல் பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாக வந்தால் மடிநோய். கறந்து முடித்த மடி பிழிந்த துணி போலச் சுருங்கிப் போக வேண்டும். கையை வைத்தால் உள்ளே கட்டி தட்டுப்பட்டால் அந்தக் காம்பு பிறகு கைவிடும். எருமை படுத்திருக்கும்போது பின்னால் போய் நின்று பாருங்கள். அடி தள்ளுகிற (கருப்பைப் பக்கம் வெளியே பிதுங்குகிற) பழக்கம் உள்ள மாட்டுக்குப் படுத்தால்தான் தெரியும், அறையில் (பிறப்புறுப்பில்) பழைய தையல் தழும்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான். இதெல்லாம் சரியாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் புரூசெல்லோசிஸ் ரத்தப் பரிசோதனை. இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கருச்சிதைவு உண்டாக்குகிற நோய், மனிதருக்கும் தொற்றும், ஒரு மாடு கொண்டுவந்தால் தொழுவம் முழுக்கப் பரவும்.

காதில் 12 இலக்க எண் போட்ட வில்லை இருக்கிறதா என்று பாருங்கள், தடுப்பூசி, சினை ஊசி, காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். வீட்டுக்கு வந்ததும் முதல் நாள் தண்ணீரும் உலர்தீவனமும் மட்டும் போதும், அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஏற்கெனவே மாடு இருந்தால் புதியதை மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள். இரண்டு எருமை வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம், ஐந்தாறு மாத இடைவெளி விட்டால் ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கும்.

பால் யாருக்கு

எருமைப் பாலில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம், மற்றச் சத்துகள் 9க்கு மேல். கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடுகிற சங்கத்துக்கு ஊற்றினால் பசும்பாலை விட லிட்டருக்குக் கூடுதல் கிடைக்கும். லிட்டரை மட்டும் பார்க்கிற இடத்தில் ஊற்றினால் எருமை வளர்ப்பதில் அர்த்தமே இல்லை. டீக்கடைக்காரருக்குத் தண்ணீர் தாங்குகிற பால் வேண்டும், எருமைப் பாலுக்கு முதல் வாடிக்கை அவர்தான். தயிர், வெண்ணெய், நெய் என்று போக முடிந்தால் இன்னும் நல்லது. நெய் வெள்ளையாக இருக்கிறது என்று நகரத்து ஆட்கள் சந்தேகப்பட்டால் கலப்படம் இல்லை என்று சொல்லுங்கள். பசு நெய்யின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினை எருமை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுகிறது.

பருவம் பிடிப்பது: லாபம் போகிற இடம்

எருமை வளர்ப்பில் நஷ்டப்பட்டவர்களிடம் பேசினால் பத்தில் ஏழு பேர் சொல்வது "சினை நிக்கல". தீவனச் செலவும் பால் விலையும் பற்றிப் புலம்புகிறவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். முர்ராவிலேயே இரண்டு கன்றுக்கு நடுவே சராசரியாக 15, 16 மாதம் ஆகிவிடுகிறது. கவனிக்காத வீடுகளில் இரண்டு வருஷம்.

பசு பருவத்துக்கு வந்தால் ஊருக்கே தெரியும். எருமை அப்படி இல்லை, ஊமைப் பருவம் அதிகம். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, கத்துவதும் சிலதுதான். அறிகுறிகள் பெரும்பாலும் இருட்டிய பிறகும் விடியற்காலையிலும் வரும், நாம் பார்க்கிற பகலில் அது அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இரவு படுக்கப் போவதற்கு முன் ஒரு முறை, காலை ஐந்து மணிக்கு ஒரு முறை டார்ச்சோடு தொழுவத்தைச் சுற்றுங்கள். படுத்திருந்த இடத்துத் தரையைப் பாருங்கள். வழும்பு எருமைக்கு நூலாகத் தொங்குவது குறைவு, படுக்கும்போது ஒழுகித் தரையில் கண்ணாடித் தெளிவாகக் கிடக்கும், சாணி அள்ளிவிட்டால் அதுவும் போச்சு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுவது, அறை தடித்துச் சிவந்திருப்பது, தீனியைக் கிளறிவிட்டு நிற்பது, ஒரு வேளைப் பால் திடீரென்று குறைவது, கறக்காத நேரத்தில் காம்பு விறைத்து நிற்பது, இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பருவம்தான். தேதியைக் காலண்டரில் குறியுங்கள், இன்று தவறினாலும் 21 நாள் கழித்து எந்த நாளில் கண்விழிக்க வேண்டும் என்று தெரியும்.

காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி. உறைவிந்துக் குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருப்பது. 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்துத்தான் போட வேண்டும், உள்ளங்கையில் தேய்த்துப் போடுகிறவரை விட்டுவிடுங்கள். ஊசி போட்டு இரண்டு மூன்று மாதத்தில் கட்டாயம் சினைப் பரிசோதனை. "மறுபடி பருவத்துக்கு வரலை, அப்ப சினைதான்" என்பது எருமையிடம் செல்லாது, அது ஊமையாகவே மூன்று பருவம் தாண்டியிருக்கும்.

கோடையில் பல எருமைகளுக்குப் பருவமே வெளியில் தெரியாது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர்ந்த மாதங்களில்தான் அதிகம் சினை பிடிக்கும், அதனால் கன்றும் ஆடியிலிருந்து மார்கழி வரைக்குள் நெருக்கி விழும். கோடையில் பால் விலை ஏறும்போது உங்களிடம் பால் இருக்காது என்பது இதன் மறுபக்கம். தண்ணீர் தெளிப்பும் பசுந்தீவனமும் தாது உப்பும் சரியாக இருக்கிற இடத்தில் மே மாதத்திலும் பருவம் பிடிக்கலாம். முதல் பகுதியில் தண்ணீரைப் பற்றி அவ்வளவு நீட்டியது இதற்காகத்தான்.

சினை, ஈற்று, கன்று

எருமைக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள், பத்து மாதம் பத்து நாள். கடைசி 60 நாள் பால் வற்ற வைத்துவிட வேண்டும். கடைசி மாதத்திலோ ஈனும் நாளிலோ எருமை வயிற்றை உதைத்துக்கொண்டு, எழுந்து எழுந்து படுத்து, வலி இருந்தும் பனிக்குடம் வராமல் இருந்தால் கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். எருமைக்கு இது பசுவைவிட அதிகம் வரும். ஆளாளுக்குக் கைவிட்டு இழுக்கப் பார்க்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழையுங்கள்.

கன்று விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது பழைய நம்பிக்கை. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, 30 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தொப்புளில் டிங்சர் அயோடின். எருமைக் கன்றுகளைக் கொல்வதில் முதல் இடம் உருளைப் புழுவுக்கு. அது தாய்ப்பாலிலேயே கன்றுக்குள் போகிறது, வெள்ளைக் கழிச்சலும் கெட்ட வாடையும் வரும்போது பாதி நேரம் தாண்டியிருக்கும். இரண்டு வாரம் ஆனதும் முதல் குடற்புழு மருந்து, பிறகு மாதம் ஒரு முறை ஆறு மாதம் வரை. கிடாக் கன்றுதானே என்று பட்டினி போட்டுச் சாகவிடுகிறவர்களுக்கு அடுத்த நாளே எருமை சுரப்பு விடாமல் பாடம் நடத்தும்.

தடுப்பூசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தொண்டை அடைப்பானுக்கு மழைக்காலத்துக்கு முன் வருஷம் ஒரு முறை, எருமைக்கு இதைத் தவறவே விடாதீர்கள், காலையில் தொண்டை வீங்கினால் மறுநாள் வரை தாங்காது. புரூசெல்லாவுக்குக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், 4 முதல் 8 மாத வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறை.

கிடா எண்ணை எழுதி வையுங்கள்

இது பல வழிகாட்டிகளில் இருக்காது. எருமை இரண்டு பெரும் வகை. இந்தியாவின் பெரும்பாலான எருமைகள் ஆற்று எருமை, 50 குரோமோசோம். அசாமின் லூயிட் இனம் முதல் தென்கிழக்கு ஆசியா, சீனா வரை இருப்பது சதுப்பு எருமை, 48 குரோமோசோம், உழவுக்கானது. இரண்டும் சேர்ந்தால் 49 உள்ள கன்று பிறக்கும். ஆற்று எருமைக்குள்ளேயே முன்பு சொன்ன இத்தனை இனங்கள். இந்த வேறுபாடு எல்லாம் முர்ரா என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது, மேலே நானே உங்களுக்குத் தரம் உயர்த்திய முர்ராவைத்தான் சொல்லியிருக்கிறேன். சமவெளியில் இனம் தெரியாத எருமைக்கு முர்ரா ஊசி போடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பர்கூர் மலையிலோ நீலகிரியிலோ இருக்கிறவர் தன் மாட்டுக்கு முர்ரா போடக்கூடாது. தோடா எருமை மரபளவில் மற்ற இந்திய இனங்களிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிறது, எண்ணிக்கையோ மிகக் குறைவு. அதன் புல்வெளிகளைத் தைலமரமும் சீகை மரமும் தேயிலையும் பிடித்துக்கொண்ட பிறகு மந்தைகள் சுருங்கிவிட்டன. அங்கே கரைந்துபோனதைத் திரும்ப எடுக்க எந்தச் சந்தையும் இல்லை. தமிழ்நாட்டில் மொத்த எருமையே 2019 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துச் சொச்சம்தான்.

உங்கள் தொழுவத்துக்குள் நடப்பதும் இதன் சின்ன வடிவம்தான். ஊரில் ஒரே கிடா இருந்தால் அது தன் மகளையே சினையாக்கும். அப்படிப் பிறக்கிற கன்றின் உள்ளினச் சேர்க்கை அளவு 25 சதவீதம், ஒரே அப்பனுக்குப் பிறந்தவை சேர்ந்தால் 12.5. கன்று சூம்பிப் பிறப்பது, பருவம் தாமதமாவது, பால் இறங்குவது எல்லாம் மெதுவாக வரும், நாம் தீவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். சினை ஊசியிலும் இதே ஆபத்து உண்டு, ஒரு கிடாவின் ஆயிரக்கணக்கான குச்சிகள் ஒரே வட்டாரத்துக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கலாம்.

தடுக்கச் செலவே இல்லை. ஊசி போட்டு முடித்ததும் காலிக் குச்சியை வாங்கிப் பாருங்கள். அதில் கிடாவின் எண், உறைய வைத்த தேதி, நிலையத்தின் பெயர் எல்லாம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். கிடா எண்ணையும் தேதியையும் அந்த எருமையின் பக்கத்தில் நோட்டில் எழுதுங்கள், செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுகிறவர் முதல் தடவை விநோதமாகப் பார்ப்பார், அடுத்த தடவை அவரே குச்சியை நீட்டுவார். அந்த ஊசியில் பிறந்த கிடேரி சினைக்குத் தயாராகும்போது வேறு எண்ணுள்ள குச்சி கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த பருவம் வரை பொறுத்து, முன்கூட்டியே சொல்லி வரவழைத்துக் கொள்ளலாம்.

கிடேரி தயாரா என்பதை வயதை வைத்துப் பார்க்காதீர்கள், எடையை வைத்துப் பாருங்கள், 300 கிலோ வர வேண்டும். எடைமேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தோள்மூட்டிலிருந்து பின்பக்க எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 64, நீளம் 48 என்றால் 298 வரும். அடுத்த பருவத்துக்கு ஊசிக்காரருக்குச் சொல்லிவிடலாம்.